பந்தய நாளின் காலணி

நுழையும்முன்

நெடுந்தொலைவு ஓட்டத்தில் வெற்றி என்பது பயிற்சியாலும் மனவுறுதியாலும் அமைவது. அண்மைக் காலத்தில் அவற்றோடு காலணியும் பேசுபொருளாகியுள்ளது. கார்பன் தகடு பொதிந்த காலணிகள் உலகச் சாதனைகளோடு இணைத்துப் பேசப்படுகின்றன. அதேவேளையில் ஐயங்களையும் எழுப்புகின்றன. அவை எவ்வாறு இயங்குகின்றன? யாருக்கு எந்த அளவு பயன்படுகின்றன? பந்தய நாளுக்கெனக் காலணி தேர்ந்தெடுப்பவர் எவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கி.மீ. ஆகும். நிமிடத்திற்கு 180 அடிகள் எடுத்துவைத்து மூன்று மணி நேரத்தில் இத்தொலைவைக் கடப்பவர், மொத்தம் 32,400 அடிகள் வைக்கிறார். ஒவ்வோர் அடியிலும் அவருடைய உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை பாதத்தின்மீது செயல்படுகிறது. அவ்விசை தரைக்கும் காலுக்கும் இடையே கடந்து செல்லும் வாயில், காலணியின் அடிப்பகுதியே. ஓர் அடியில் மிச்சமாகும் ஆற்றல் மிகச் சிறியது. ஆனால், அது முப்பதாயிரம் முறைக்கு மேல் சேரும்போது பந்தயத்தின் முடிவையே மாற்றவல்லதாகிறது. காலணி வடிவமைப்பாளர்கள் பல்லாண்டுகளாகத் தேடிவந்தது இந்தச் சிறு மிச்சத்தைத்தான்.

வெறுங்காலும் மெல்லிய காலணியும்

1960ஆம் ஆண்டு உரோம் ஒலிம்பிக் போட்டியில் எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா, மாரத்தானை வெறுங்காலுடன் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் முதலாவதாக வந்தார். அதுவரை எவரும் மாரத்தானை அவ்வளவு விரைவாக ஓடி முடித்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் காலணி அணிந்து ஓடினார். இம்முறை அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 12 நிமிடம் 11 வினாடி. மூன்று நிமிடங்கள் குறைவு.

இதைக் கொண்டு, அந்த மூன்று நிமிடங்களையும் காலணியே ஈட்டித் தந்தது என முடிவு செய்தல் பொருந்தாது. ஓடுபாதை, தட்பவெப்பம், போட்டியாளர்கள், பட்டறிவு என இரண்டு ஓட்டங்களுக்கும் இடையே மாறியவை பல. ஒரு காரணத்தின் பங்கை அறிய விரும்பினால் மற்ற காரணங்கள் மாறாதிருக்க வேண்டும். காலணி பற்றிய செய்திகளைப் படிக்கும்போது இந்த அறிவியல் நெறியை மறத்தல் கூடாது.

பிகிலாவின் காலத்திற்குப் பின்னும் நெடுங்காலம், பந்தயக் காலணி என்றால் அது மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதே பொதுக்கருத்தாக இருந்தது. அதற்கு அடிப்படையும் உண்டு. ஒரு காலணியின் எடை 100 கிராம் கூடினால் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 1 விழுக்காடு கூடுகிறது என ஆய்வுகள் காட்டின. எனவே, பயிற்சிக்குத் தடித்த காலணி, பந்தயத்திற்கு மெல்லிய காலணி என்னும் வழக்கம் நிலைபெற்றது. மெல்லிய காலணி எடையைக் குறைத்தது. ஆனால், தரையில் மோதும் ஆற்றலைத் திருப்பித் தரும் திறன் அதற்குக் குறைவாகவே இருந்தது.

நுரையும் தகடும் வடிவமும்

இன்றைய பந்தயக் காலணியின் அடிப்பகுதியில் மூன்று கூறுகள் இணைந்து செயல்படுகின்றன. முதலாவது, நுரை. பாதத்திற்கும் வெளி அடித்தோலுக்கும் இடையே உள்ள இந்த நடுப்பகுதி, கால் ஊன்றும்போது நசுங்கி, கால் எழும்பும்போது மீண்டும் விரிகிறது. நசுங்கும்போது உள்வாங்கிய ஆற்றல் முழுவதையும் எந்த நுரையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. வீணாகும் பகுதி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல நுரை அது. பாலியீத்தர் பிளாக் அமைடு என்னும் பலபடிச் சேர்மத்திலிருந்து செய்யப்படும் நுரை, எடை குறைந்தது; எளிதில் நசுங்குவது; உள்வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தருவது. எடை குறைவு என்பதால், கனம் கூடாமலே அடிப்பகுதியைத் தடிமனாக அமைக்க முடிந்தது.

இரண்டாவது, நுரைக்குள் பொதிந்துள்ள கார்பன் இழைத் தகடு. ஓடும்போது கால்விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன. அந்த மடக்கத்தில் விரல்மூட்டுகள் ஆற்றலை உள்வாங்குகின்றன. ஆனால், அதில் சிறு பகுதியையே திருப்பித் தருகின்றன. விறைப்பான தகடு அந்த மடக்கத்தைக் குறைக்கிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கார்பன் தகடுகளால் விறைப்பூட்டிய காலணி ஓட்டத்தின் ஆற்றல் செலவை ஏறத்தாழ 1 விழுக்காடு குறைப்பதை 2006ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். தகட்டிற்கு இன்னொரு பணியும் உண்டு. மிகவும் மென்மையான நுரை, காலடியில் நிலைகொள்ளாமல் அசையக்கூடும். தகடு அதற்கு ஒரு சட்டகமாக அமைகிறது.

மூன்றாவது, வடிவம். காலணியின் முன்பகுதி தொட்டிலின் அடியைப்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும். விறைப்பான அடிப்பகுதியில் விரல்கள் மடங்க இயலாத குறையை இவ்வளைவு ஈடுசெய்கிறது. உடலின் எடை குதிகாலிலிருந்து முன்பாதத்திற்கு உருண்டு செல்ல அது வழிசெய்கிறது.

ஆய்வகம் கண்டது

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயிற்சி மிக்க 18 ஓட்டக்காரர்களை ஆய்வுக்கு உட்படுத்தினர். நைக்கி நிறுவனத்தின் புதிய காலணி ஒன்றும், அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த வேறு இரு பந்தயக் காலணிகளும் ஒப்பிடப்பட்டன. எடை வேறுபாடு முடிவைக் குழப்பாதிருக்க, இலகுவான காலணிகளில் ஈயம் சேர்த்து எடை சமமாக்கப்பட்டது. ஓட்டக்காரர்கள் ஓடுபொறியில் மணிக்கு 14, 16, 18 கி.மீ. வேகங்களில் ஓடினர். அவர்கள் உள்வாங்கிய ஆக்சிஜனும் வெளியேற்றிய கார்பன் டை ஆக்சைடும் அளக்கப்பட்டு, ஆற்றல் செலவு கணக்கிடப்பட்டது. புதிய காலணியில் ஆற்றல் செலவு சராசரியாக 4 விழுக்காடு குறைந்திருந்தது. காலணிகளை எந்திரத்தால் அழுத்திப் பார்த்தபோது, புதிய காலணி உள்வாங்கிய ஆற்றலில் 87 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. மற்ற இரண்டும் முறையே 75.9, 65.5 விழுக்காடு தந்தன.

தகடுதான் வில்லைப்போல் வளைந்து ஓடுபவரை முன்னோக்கி எறிகிறது என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவியிருந்தது. மாசசூசெட்சு பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த பின்னைய ஆய்வு அதைச் சோதித்தது. ஆய்வாளர்கள் அதே வகைக் காலணியின் முன்பகுதியில் தகட்டைக் குறுக்கே வெட்டினர். காலணியின் விறைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆற்றல் செலவோ ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாகவே மாறியது. எனவே, 'கார்பன் காலணி' எனத் தகட்டின் பெயரால் வழங்கப்பட்டாலும், அதன் பயனில் பெரும்பங்கு நுரைக்கே உரியது எனலாம். பெயரில் கார்பன் இருப்பதாலேயே ஒரு காலணி சிறந்ததாகிவிடாது. தரம் குறைந்த நுரைக்குள் தகட்டைச் செருகி விற்கப்படும் காலணியில் விறைப்பு மட்டுமே மிஞ்சும்.

சாதனைகளின் ஆண்டுகள்

2017ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தில், கென்ய வீரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தொலைவை 2 மணி 25 வினாடியில் கடந்தார். 2019ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் வியன்னாவில் அவரே 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் அத்தொலைவை ஓடி முடித்தார். மனிதரால் இயலுமா என நெடுங்காலம் ஐயுறப்பட்ட எல்லை அன்று கடக்கப்பட்டது. மறுநாள் சிகாகோவில் கென்யாவின் பிரிகிட் கோஸ்கெய் 2 மணி 14 நிமிடம் 4 வினாடியில் ஓடி, இங்கிலாந்தின் பவுலா ராட்கிளிஃப் 16 ஆண்டுகளாகக் காத்துவந்த மகளிர் உலகச் சாதனையை முறியடித்தார். இருவர் கால்களிலும் இருந்தவை தகடு பொதிந்த தடித்த காலணிகளே.

வியன்னா ஓட்டம் உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. அது அனைவருக்கும் திறந்த போட்டி அன்று. வேகம் காட்டும் துணை ஓட்டக்காரர்கள் குழுக்குழுவாக மாறி மாறி வந்து காற்றைத் தடுத்தனர். முன்னே சென்ற ஊர்தி ஒளிக்கோடுகளால் வேகத்தை வரையறுத்துக் காட்டியது. காலணியின் பங்கு, துணை ஓட்டக்காரர்களின் பங்கு, கிப்சோகேயின் பல்லாண்டு உழைப்பின் பங்கு ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்தறிதல் எளிதன்று.

சராசரியும் தனிமனிதரும்

4 விழுக்காடு என்பது ஒரு சராசரி. அது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் உறுதிமொழி அன்று. 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, உலகத்தரம் வாய்ந்த கென்ய வீரர் எழுவரைப் பழைய மெல்லிய காலணியிலும் புதுவகைக் காலணிகளிலும் ஓடச் செய்து ஒப்பிட்டது. புதுவகைக் காலணியால் 11.4 விழுக்காடு நன்மை பெற்றவரும் இருந்தார், 11.3 விழுக்காடு இழப்புக்கு உள்ளானவரும் இருந்தார். ஒருவருக்குச் சிறகாக அமைந்தது மற்றொருவருக்குச் சுமையாக அமைந்தது.

ஓடும் வேகமும் பயனை மாற்றுகிறது. மெதுவாக ஓடுவோரை வைத்து 2023இல் வெளியான வேறோர் ஆய்வில், மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சராசரி மிச்சம் 1.4 விழுக்காடாகவும், 10 கி.மீ. வேகத்தில் 0.9 விழுக்காடாகவும் சுருங்கியது. நான்கு மணி நேரத்தில் மாரத்தானை முடிக்கும் ஒருவருக்கு 0.9 விழுக்காடு என்பது ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தை ஒழுங்கான பயிற்சியும் சீரான தொடக்க வேகமும் செலவின்றித் தரக்கூடும். ஆற்றலில் 4 விழுக்காடு மிச்சமானால் நேரமும் 4 விழுக்காடு குறையும் என்பதும் சரியன்று. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடுவதால், முன்னணி வீரர்களுக்கு நேரத்தில் கிடைக்கும் ஆதாயம் ஆற்றல் மிச்சத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

விதியின் எல்லை

சாதனைகள் அடுத்தடுத்து முறியடிக்கப்பட்டதால், உலகத் தடகள அமைப்பு 2020ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் காலணிகளுக்கு வரம்பு விதித்தது. சாலை ஓட்டக் காலணியின் அடிப்பகுதி 40 மி.மீ.க்கு மேல் தடித்திருத்தல் கூடாது. அதனுள் ஒரு விறைப்பான தகட்டிற்குமேல் இருத்தல் கூடாது. தடகளத்தில் ஓடுவோருக்கு வரம்பு இன்னும் குறைவு. 2024 நவம்பர் 1 முதல் தடகள ஓட்டங்களுக்கான காலணித் தடிமன் 20 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சாலையில் ஏற்கப்படும் காலணி தடகளத்தில் ஏற்கப்படுவதில்லை என்பதை மாணவ ஓட்டக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்விதியின் வலிமையை 2021 செப்டம்பரில் நிகழ்ந்த வியன்னா மாரத்தான் உணர்த்தியது. எத்தியோப்பியாவின் தெரேரா ஹூரிசா 2 மணி 9 நிமிடம் 22 வினாடியில் முதலாவதாக எல்லைக்கோட்டைக் கடந்தார். ஆனால், அவர் அணிந்திருந்த காலணியின் அடிப்பகுதி 50 மி.மீ. தடிமன் உடையது. போட்டிக்குமுன் அவர் பதிவு செய்திருந்ததோ வேறு காலணி. அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். மூன்று வினாடிகள் பின்தங்கி வந்த கென்யாவின் லெனார்ட் லங்காட் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார். பல மாத உழைப்பின் பயனை 10 மி.மீ. நுரை பறித்துக்கொண்டது.

தெரியுமா?

2009ஆம் ஆண்டு உரோமில் நடைபெற்ற உலக நீச்சல் போட்டியில் 43 உலகச் சாதனைகள் நிகழ்ந்தன. நீரில் மிதப்பை மிகுத்துக் காட்டிய செயற்கை நீச்சலுடைகளே அதற்குப் பெருங்காரணம் எனக் கருதப்பட்டது. 2010 சனவரி முதல் அவ்வுடைகள் தடைசெய்யப்பட்டன. நீச்சல் உலகம் தடையைத் தேர்ந்தது. ஓட்ட உலகம் வரம்பைத் தேர்ந்தது.

உடல் தரும் எச்சரிக்கை

காலணி மாறும்போது உடலில் விசை பாயும் வழியும் மாறுகிறது. விரல்மூட்டுகளும் கெண்டைக்காலும் சுமந்த வேலையின் ஒரு பகுதி, பாதத்தின் வேறு எலும்புகளுக்கும் தசைகளுக்கும் செல்லக்கூடும். கார்பன் தகட்டுக் காலணி அணிந்து ஓடிய ஐந்து ஓட்டக்காரர்களுக்குப் பாதத்தின் நடுவிலுள்ள படகு வடிவ எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டதை, 2023ஆம் ஆண்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்று பதிவுசெய்தது. ஐந்து பேரின் வரலாறு, காலணியே காரணம் என மெய்ப்பிக்கப் போதாது. ஆயினும், புதுக் காலணிக்கு உடலைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும் என்னும் மருத்துவர்களின் அறிவுரைக்கு அது வலுச்சேர்க்கிறது. எலும்பு வளர்ச்சி முற்றுப்பெறாத இளம்பருவத்தினர் இதில் இன்னும் கருத்தாக இருத்தல் வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் விடாது வலித்தால், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை அணுகுவதே முறை.

தேர்ந்தெடுக்கும் முறை

பந்தயக் காலணியைத் தேர்வதில் முதலிடம் பெறுவது பொருத்தம். நெடுநேரம் ஓடும்போது பாதம் சற்று வீங்கும். ஆதலால், நீண்ட விரலுக்குமுன் கட்டைவிரல் அகல இடைவெளியாவது இருத்தல் நலம். பந்தயத்தன்று அணியும் காலுறையோடுதான் காலணியை அணிந்து பார்க்க வேண்டும். முன்பாதத்தை நெருக்கும் காலணியும் குதிகாலில் நழுவும் காலணியும் எவ்வளவு சிறந்த நுரையைக் கொண்டிருந்தாலும் கொப்புளத்தையே தரும்.

அடுத்தது, பாதையின் தன்மை. தடித்த மென்மையான அடிப்பகுதி நேரான சாலையில் இயல்பாக ஓடும். கூர்மையான திருப்பங்களிலும் மேடுபள்ளங்களிலும் கணுக்கால் புரள இடந்தரும். எடையைக் குறைப்பதற்காகச் சில காலணிகளில் வெளி அடித்தோல் மிக மெல்லியதாக அமைக்கப்படுகிறது. மழை நனைத்த சாலையில் அது போதிய பிடிப்பைத் தருகிறதா எனப் பயிற்சியின்போதே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, சோதனை. புதிய காலணி அணிந்தவுடன் 'வேகமாக ஓடுவதுபோல் இருக்கிறது' என்னும் உணர்வு எழும். விலை உயர்ந்த பொருளை வாங்கியவர் மனம் அதன் பயனைத் தானாகவே கூட்டிக் காட்டும். எனவே, உணர்வை மட்டும் நம்பாமல் அளந்து பார்ப்பது நன்று. ஒரே பாதையில், ஒரே வேகத்தில், முதலில் பழைய காலணி, பிறகு புதியது, மீண்டும் புதியது, இறுதியில் பழையது என நான்கு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்ளலாம். இவ்வரிசை, களைப்பின் பாதிப்பை இரு காலணிகளுக்கும் ஏறக்குறைய சமமாகப் பகிர்ந்தளிக்கிறது. வேறொரு நாளிலும் இதே முடிவு கிடைத்தால் அதை ஓரளவு நம்பலாம்.

நான்காவது, பழக்கம். பந்தய நாளில் முதன்முறையாக எந்தக் காலணியையும் அணிதல் கூடாது. சில குறுகிய விரைவோட்டங்களிலும், குறைந்தது ஒரு நீண்ட ஓட்டத்திலும் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அதேவேளையில் நாள்தோறும் அதையே அணிதலும் தகாது. நுரை தேயத் தேயத் திறன் குறையும். காலும் ஒரே வகை விசைக்கு மட்டும் பழகிவிடும். அன்றாடப் பயிற்சிக்கு எளிய காலணியே போதும்.

சமவாய்ப்பு

2023ஆம் ஆண்டு பெர்லினில் எத்தியோப்பியாவின் திகிஸ்த் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 வினாடியில் ஓடி மகளிர் உலகச் சாதனை படைத்தார். அவர் அணிந்திருந்த அடிடாஸ் காலணியின் எடை 138 கிராம். விலை 500 அமெரிக்க டாலர். பழகுவதற்கான சிறிது நேரமும் ஒரே ஒரு மாரத்தானும் ஓடுவதற்கென அது உருவாக்கப்பட்டதாக அந்நிறுவனமே கூறியது. ஒரு நாள் ஓட்டத்திற்கு இவ்வளவு செலவிட எத்தனை பேரால் இயலும் என்னும் கேள்வி இயல்பாகவே எழுகிறது. நிறுவனங்களின் ஆதரவு பெற்ற முன்னணி வீரர்களிடையே இன்று இவ்வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. பல நிறுவனங்களும் இதே தொழில்நுட்பத்தைக் கைக்கொண்டுள்ளன. ஆனால், பள்ளிகளுக்கும் மாவட்டங்களுக்கும் இடையே நடைபெறும் போட்டிகளில், ஒருவர் வாங்க முடிந்ததை மற்றொருவர் வாங்க முடியாத நிலை உலகெங்கும் தொடர்கிறது.

அத்தகைய மாணவர் ஒன்றை உறுதியாக அறிந்துகொள்ளலாம். காலணி ஆற்றலை உண்டாக்குவதில்லை. ஓடுபவர் தந்ததில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. தருவதற்கு உடலில் ஆற்றல் இருக்க வேண்டும். அதை உண்டாக்குவது நாள்தோறும் செய்யும் பயிற்சியும் உணவும் உறக்கமும்தாம். அவற்றைச் செவ்வனே செய்தவருக்குத் தக்க காலணி சில நிமிடங்களை மிச்சப்படுத்தித் தரும். கால்களுக்குப் பொருந்தி, விதிக்கு உட்பட்டு, முன்பே ஓடிப் பார்த்து உறுதி செய்யப்பட்ட காலணியே, விலை எதுவாயினும், பந்தய நாளுக்கு உரிய காலணி.

கற்பவை கற்றபின்

1. தகட்டை வெட்டிச் செய்த ஆய்வு எந்தக் கருத்தைச் சோதித்தது? அதன் முடிவை உம் சொற்களில் எழுதுக.

2. 'சராசரி என்பது தனிமனிதருக்குத் தரப்படும் உறுதிமொழி அன்று' என்பதைப் பாடத்திலுள்ள சான்றுகளுடன் விளக்குக.

3. விளையாட்டில் புதிய தொழில்நுட்பத்திற்குத் தடை வேண்டுமா, வரம்பு போதுமா என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.